துவக்கைச் செய்த கை

மாளிகாவத்தையிலும் அதனை அடுத்த பஞ்சிகாவத்தையிலும் பழைய இரும்பு ஊமையாக இருப்பதில்லை. மோட்டார் வண்டியின் உடைந்த உறுப்பொன்றை எடுத்துச் சென்று அனுபவம் மிக்க பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினால், அவர் அதனை இரண்டு முறை புரட்டிப் பார்ப்பார். "இது தொழிற்சாலையில் இருந்து வந்ததன்று, இங்கே கடைந்தது. ஒட்டுவைத்தவர் நல்ல தொழிலாளி, ஆனால் அவசரக்காரர்" என்று சொல்லிவிடுவார். பெயர் எழுதிய சீட்டு எதுவும் அதில் இல்லை. அரத்தின் கோடு, ஒட்டின் தடிப்பு, துளையின் விளிம்பு ஆகிய மூன்றுமே அவருக்குச் சீட்டு. கையால் செய்யப்பட்ட பொருளில் கையின் அடையாளம் தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

இதே கலையைச் சற்றுப் பழைய இரும்பின்மேல் செலுத்திப் பார்த்தால் என்ன கிடைக்கும்? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கண்டி நாட்டில் ஒரு கம்மாளர் செய்த துவக்கைப் பார்த்து, அதனைச் செய்தவர் இன்னார் என்று கூற இயலுமா? இக்கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

துவக்கு என்னும் சொல்லை முதலில் கவனிக்கலாம். தமிழகத்தார் துப்பாக்கி என்கின்றனர். ஈழத்தார் துவக்கு என்கின்றோம். சிங்கள மக்கள் துவக்குவ என்கின்றனர். மூன்றும் துருக்கிய மொழியின் வழிவந்த ஒரே சொல்லின் வெவ்வேறு உருவங்கள். சிங்களத்தில் பொந்திக்குலய என்ற இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. சிறு பீரங்கி போன்ற கொடித்துவக்கு என்ற ஆயுதம் கண்டிப் படையில் இருந்தது. கொடித்துவக்கு என்பது இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்குகின்றது. ஆயுதத்தின் பெயர் குடும்பங்களின்மேல் நிலைத்துவிட்டது. அதனைச் செய்தவரின் பெயர்தான் நிலைக்கவில்லை.

இத்துவக்குகள் வாய்வழியே மருந்திடப்படுபவை. வன்னியிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் இடியன் துவக்கு என்று மக்கள் சொல்லும் வகைக்கு இவை முன்னோர். வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாயினுள் இட்டு, நீண்ட கம்பியினால் இடித்து இறுக்குவர். குழலின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையுமளவுக்கு ஒரு துளை இருக்கும். துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை நுண்ணிய மருந்து. விசையை இழுத்ததும், சக்கிமுக்கிக் கல்லைப் பற்களிடையே கவ்விய 'குதிரை' முன்னோக்கிப் பாய்ந்து உருக்குத் தகடொன்றில் மோதும். பொறி பறந்து கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ துளை வழியே உள்ளே ஓடும். குண்டு சுழன்று செல்வதற்காக உட்குழலில் முறுக்குப் பள்ளங்கள் வெட்டப்பட்ட துவக்கையே றைபிள் என்பர். கண்டித் துவக்குகளின் உட்குழல் பெரும்பாலும் வழுவழுப்பானது. ஆயினும் பேச்சு வழக்கில் நீண்ட துவக்கு எல்லாம் றைபிள் ஆகிவிட்டது. அதைக் குற்றமென்று சொல்ல வேண்டியதில்லை.

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்தபோது துவக்கும் உடன் வந்தது. அதன்பின் நடந்ததுதான் வியப்பு. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் மாணவன் ஆசிரியனை மிஞ்சிவிட்டான். கோவாவில் 1583 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் 1596 இல் வெளியிட்ட தமது பயண நூலில், சிங்களக் கம்மாளர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல் ஒளிர்பவை என்றும் அவற்றுக்கு நிகரானவை வேறெங்கும் இல்லை என்றும் பொருள்படப் புகழ்ந்திருக்கின்றார். எதிரியின் தொழிற்றிறனை எதிரியின் தரப்பினரே பாராட்டுவது எளிதில் நிகழ்வதன்று. ஆனால் அவரும் ஒரு கம்மாளரின் பெயரையேனும் குறித்துவைக்கவில்லை.

எனவே பொருளையே விசாரிக்க வேண்டும். துவக்கு ஒன்று விசாரணைக்கு வரும்போது அதனை ஒரு பொருளாகப் பார்ப்பது முதற் பிழை. அது குழல், விசைப்பூட்டு, மரக்கட்டை, அணிவேலை என நான்கு தொழில்கள் கூடிய பொருள். நான்கையும் ஒரே ஆள் செய்திருக்கவேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் செய்யவில்லை. ஆகவே யார் செய்தார் என்னும் கேள்வி நான்காகப் பிரிகின்றது.

குழலைச் செய்யும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, உருக்குக் கோலொன்றின்மேல் வளைத்து, விளிம்பும் விளிம்பும் கூடுமாறு சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவர். ஒரே மூச்சில் முடியும் வேலையன்று அது. விரல் நீளம் விரல் நீளமாகக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கவேண்டும். சூடு குறைந்தால் பொருந்தாது. கூடினால் இரும்பு எரிந்துபோகும். பொருந்தாத இடத்தில் குழல் வெடித்தால் சாவது எதிரியல்லன், துவக்கைப் பிடித்தவனே. ஆதலால் குழற்கம்மாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். பொருத்து எந்தப் பக்கத்தில் வருகிறது, அடிப்பக்கத்தை மூடும் தக்கை எவ்வாறு இறக்கப்பட்டது, பற்றுத்துளை நேராகவா சாய்வாகவா குடையப்பட்டது என்பவை எல்லாம் கையெழுத்தைப் போன்றவை. அவற்றைக் காண வேண்டுமானால் குழலை மரக்கட்டையில் இருந்து கழற்றி அதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிவதேயில்லை.

யப்பான் நாட்டின் கதை இங்கே துணைசெய்யும். 1543 இல் தனெகசிமா என்னும் தீவில் போர்த்துக்கேயர் கரையேறியபோது, இலங்கைக்கு வந்த அதே துவக்கு அங்கும் சென்றது. அங்கும் கம்மாளர் அதனை விரைவாகக் கற்றனர். குனிதொமோ, சக்காய் போன்ற ஊர்கள் துவக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்றன. ஆனால் அந்நாட்டில் வாளுக்குக் கம்மாளர் பெயர் பொறிக்கும் வழக்கம் முன்னமே இருந்தது. வாளின் பெயர் கைப்பிடிக்குள் மறைந்திருப்பதுபோல், துவக்கின் பெயரும் பல வேளைகளில் குழலின் அடிப்பக்கத்தில், மரத்துக்குள் மறையும் இடத்தில் உளியால் வெட்டப்பட்டது. கழற்றிப் பார்த்தவருக்குப் பெயர் கிடைக்கும். ஒரே ஆசானிடம் கற்ற இரண்டு தீவுகளுள் ஒன்றில் கம்மாளர் பெயர் இருக்கின்றது, மற்றதில் இல்லை.

இந்தியாவிலும் பெயர் பொறிக்கப்பட்டது. மைசூர் வேந்தர் திப்பு சுல்தானின் சிறீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் உருவான சக்கிமுக்கித் துவக்குகளில் புலி வரிகளும் புலித் தலைகளும் நிறைந்திருக்கும் என்பதைப் பலர் அறிவர். அவற்றுட் பலவற்றில் ஊர்ப் பெயரும், மன்னர் தாமே வகுத்த மௌலூதி ஆண்டும், செய்தவர் பெயரும் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. செய்யிது மசூம், செய்யிது தாவூது, அசத்கான் முகம்மது ஆகியோரின் பெயர்கள் அவ்வாறு நமக்கு எட்டியுள்ளன. றொபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1992 இல் அத்துவக்குகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1799 மே 4 ஆம் நாள் கோட்டை வீழ்ந்து, துவக்குகள் கொள்ளைப் பொருளாகக் கடல் கடந்தன. ஆயினும் செய்தவரின் பெயரைக் கொள்ளையிட எவராலும் முடியவில்லை; அது இரும்பிலே இருந்தது.

கண்டித் துவக்கில் அத்தகைய பெயரை எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கே விசாரணை வேறு வழியிற் செல்லவேண்டும். அதன் முதற்படி விசைப்பூட்டு. ஐரோப்பியத் துவக்கைத் தோளிற் பொருத்தினால் குதிரையும் கிண்ணமும் வலப்பக்கத்தில் இருக்கும். கண்டித் துவக்கிலோ அவை இடப்பக்கத்தில் இருக்கின்றன. குதிரையைத் தள்ளும் பெரிய வில்லும் பூட்டுக்குள் ஒளியாமல் வெளியே தெரியும். இவ்வில்லமைப்பு பழைய போர்த்துக்கேயப் பூட்டின் வழிவந்தது. அதைப் போர்த்துக்கல் கைவிட்டு நெடுங்காலம் சென்ற பின்னரும் கண்டிக் கம்மாளர் கைவிடவில்லை. புதியதை அறியாமையினால் அன்று. ஒல்லாந்தரின் புதிய துவக்குகள் அவர்கள் கையில் நிறைய இருந்தன. தமக்குப் பழகிய பூட்டு நன்றாக வேலை செய்தது, பழுதுபார்க்கவும் எளிதாயிருந்தது என்று கொள்வதே பொருத்தம். 1994 இல் போர்த்துக்கேய மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த ஒரு நூலில் றைனர் டேன்ஹார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், லிசுபனில் இருந்து கோவா வழியாக இலங்கைக்கும் யப்பானுக்கும் சென்ற இப்பூட்டுகளின் குடிவழியை விரித்துரைத்தார்.

அடுத்தது மரக்கட்டை. கண்டித் துவக்கின் அடிக்கட்டை தோளில் ஊன்றுமிடத்தில் இரண்டாகப் பிளந்து சுருண்டு நிற்கும். முதன்முறையாகக் காண்பவர் இதைப் பிடித்து எப்படிச் சுடுவது என்று மயங்குவர். அச்சுருளின்மேல் யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்து, லியவெல எனப்படும் இலைக்கொடியைப் படரவிடுவர். பார்ப்பதற்கு எல்லாக் கொடியும் ஒன்றுபோலவே தோன்றும். கூர்ந்து நோக்கினால் அவ்வாறன்று. கொடி எந்தப் பக்கம் முதலிற் சுருள்கிறது, இலையின் நுனி கூராக முடிகிறதா மழுங்கலாக முடிகிறதா, இடம் போதாதபோது தச்சர் எதனைச் சுருக்கினார் என்பவற்றில் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு உண்டு. கடைசியிற் சொன்னதே மிகச் சிறந்த சான்று. அழகாகச் செய்தபோது எல்லோரும் மரபைப் பின்பற்றுகின்றனர். நெருக்கடியிலேதான் ஒருவர் தமது பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் செய்யப்பட்ட நீண்ட றைபிள்களை இவ்வழியாலேயே ஆராய்ந்தனர். யேர்மனியக் குடியேறிகளின் வழிவந்த அக்கம்மாளருட் சிலர் குழலின் மேற்பக்கத்திற் பெயர் பொறித்தனர், பலர் பொறிக்கவில்லை. ஜோ கிண்டிக் என்பவர் 1960 இல் வெளியிட்ட நூலில், பெயருள்ள துவக்குகளின் செதுக்கு வேலையைப் பெயரில்லாதவற்றின் வேலையோடு ஒப்பிட்டு, ஊர் ஊராகப் பரம்பரைகளை வகுத்தார். பெயருள்ள ஒன்று கிடைத்தால் அதைச் சுற்றிப் பெயரற்ற பத்தை நிறுத்தலாம். ஒன்றுமே பெயரோடு கிடைக்காவிட்டாலும், இவை பத்தும் ஒரு கையின் வேலை என்று சொல்லுமளவுக்காவது வரலாம். ஊர் தெரியாத ஒருவரை முகத்தால் அறிவது போன்றது அது.

இவ்விசாரணையில் ஏமாற்றங்களும் உண்டு. பூட்டில் ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் துவக்கு இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டுவோர் பலர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி 1808 வரை தனது பூட்டுகளில் இதய வடிவ முத்திரையும், அதன்பின் எழுந்து நிற்கும் சிங்கமும் பொறித்தது. அத்தகைய பூட்டுகள் உடைந்த துவக்குகளில் இருந்து கழற்றப்பட்டு உள்ளூர்க் குழல்களில் ஏறின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சக்கிமுக்கிக் கல் வழக்கொழிந்து, தொப்பி போன்ற சிறு வெடிமூடி வந்தபோது, பழைய குழல்களிலேயே புதிய குதிரையை மாட்டினர். இன்னும் பிற்காலத்தில், பழம்பொருள் வாங்குவோர் மிகுந்தபோது, வெறும் கட்டையில் வெள்ளியைப் பதித்து விலையை ஏற்றியவர்களும் உண்டு. முத்திரை பொய் சொல்லும். தேய்மானம் அத்தனை எளிதாகப் பொய் சொல்லாது. ஒரே காலத்தில் கூடிய உறுப்புகள் ஒன்றாகவே தேய்ந்திருக்கும்.

இப்போது கம்மாளரிடம் வரலாம். கண்டி அரசில் அரண்மனைத் தொழிலாளர் பட்டல்ஹத்தர என்னும் நான்கு பட்டறைகளாக வகுக்கப்பட்டிருந்தனர். கூலியாகப் பணம் அன்று, நிலம் கொடுக்கப்பட்டது. தந்தையின் நிலத்தோடு தந்தையின் தொழிலும் மகனுக்கு வந்தது. இச்செய்திகளை எல்லாம் விரிவாகத் தொகுத்தவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக ஊர் ஊராகத் திரிந்தபோது, கல்லைப் பார்க்கச் சென்றவர் கம்மாளரைப் பார்த்துத் திரும்பினார். பலாங்கொடைப் பகுதியில் பழைய முறைப்படி இரும்பும் உருக்கும் செய்வதை அவர் பதிந்துவைத்தார். 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர் சென்றபோது துவக்குத் தொழில் ஏறத்தாழ முடிந்திருந்தது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832 இல் இராசகாரியம் என்னும் நிலச்சேவை ஒழிக்கப்பட்டது. அடிமைத்தனம் போன்ற அச்சேவை ஒழிந்ததற்கு வருந்துவாரில்லை. ஆனால் அதனோடு அரண்மனைப் பட்டறைக்கு வேலை தருவாரும் இல்லாமற் போயினர். பின்னர் நூதனசாலைகளின் தலைவராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல 1942 இல் சிங்கள ஆயுதங்களைப் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதியபோது, அவருக்குச் சாட்சி சொல்ல எஞ்சியிருந்தவை பெரும்பாலும் பொருள்களே.

அப்பொருள்களுட் சில வெளிநாட்டில் இருந்தன. 1765 பெப்ரவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி லுபெர்ட் யான் வான் எக்கின் படை கண்டி அரண்மனையுட் புகுந்தது. மன்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கன் புனித தந்தத்தைக் காத்துக்கொண்டு முன்னமே நகரை நீங்கியிருந்தார். அரண்மனை சூறையாடப்பட்டது. அன்று சென்ற பொருள்களுள் வெள்ளியும் பொன்னும் மாணிக்கக் கற்களும் இழைத்த சிறு பீரங்கி ஒன்று ஒல்லாந்தில் பெரும் புகழ் பெற்று, அம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியத்தில் நெடுங்காலம் இருந்தது. அதன்மேல் சூரியனும் பிறையும் சிங்கமும் உள்ளன. சிங்கள எழுத்தும் உண்டு. நாலு கோறளையின் லெவ்கே திசாவை அதனை மன்னருக்கு அளித்தார் என்பது அவ்வெழுத்தால் தெரிகின்றது. காலம் 1745 அல்லது 1746. அப்போது அரியணையில் இருந்தவர் மதுரை நாயக்கர் வழிவந்த முதல் மன்னரான சிறீ விசய இராசசிங்கன்.

அந்தப் பீரங்கியை யார் செய்தார் என்று கேட்டால், பதில் மீண்டும் பிரிந்தே வருகின்றது. உடலின் வடிவம் ஐரோப்பியப் பீரங்கியைத் தழுவியது. அதனை மூடிய அணிவேலை கண்டிப் பொற்கொல்லரின் கையைக் காட்டுவது. வார்த்தவர் ஒருவர், இழைத்தவர் இன்னொருவர். கொடுத்தவருக்கு மட்டும் எழுத்தில் இடம் கிடைத்தது.

2023 டிசம்பரில் அந்தப் பீரங்கி கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பி வந்தது. பொன் வாளொன்று, வெள்ளி வாளொன்று, கத்தியொன்று, மகா துவக்கு எனப்படும் பெரிய துவக்குகள் இரண்டு ஆகியனவும் உடன் வந்தன. மொத்தம் ஆறு பொருள்கள். அவற்றைத் திருப்பி அளிப்பதற்கு முன்னர் ஒல்லாந்த, இலங்கை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் ஏடுகளைப் புரட்டினர். எவரிடமிருந்து எவரால் எப்போது எடுக்கப்பட்டது என்பதே அவர்கள் விடை தேடிய கேள்வி. அது நீதியின் கேள்வி; அதற்குத் தகுந்த விடையும் கிடைத்தது. ஆனால் உரிமையாளரைத் தேடும்போது ஏடுகள் பேசும். கம்மாளரைத் தேடும்போது ஏடுகள் வாய் திறப்பதில்லை. அங்கே குழலின் வயிற்றைத்தான் கேட்கவேண்டும். இன்று அதற்குக் கருவிகளும் உண்டு. ஊடுகதிர்ப் படம் மரத்தைக் கழற்றாமலே உட்பொருத்தைக் காட்டும். உலோகத்தைச் சுரண்டாமலே அதிற் கலந்திருப்பது என்ன என்பதையும் அறியலாம். கொழும்பில் இருக்கும் பழைய கண்டித் துவக்குகளையும் திரும்பி வந்த இரண்டையும், ஐரோப்பிய நூதனசாலைகளில் இன்னும் இருப்பவற்றையும் ஒரே முறையிற் படம்பிடித்து, அடிப்பக்கத்தோடு அடிப்பக்கம், சுருளோடு சுருள் ஒப்பிட்டால், பெயர் கிடைக்காவிடினும் கைகள் பிரிந்து தெரியும். இந்தப் பட்டறை, அந்தப் பட்டறை என்று காட்டுமளவுக்கு வருவதே பெரிய ஆதாயம்.

வீட்டுப் பரணிலோ கிணற்றடியிலோ பழந்துவக்கொன்று கிடைக்கும் குடும்பங்களும் உண்டு. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருக்கின்றபடியால் அதனை அதிகாரிகளுக்கு அறிவிப்பதே முதற் கடமை. அதற்கு முன்னர் பலரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, துருப்போகாத இடத்தில் அரத்தையும் போடுவர். பளபளப்பு வந்துவிடும், ஆனால் கம்மாளர் இட்ட அரக்கோடும், சம்மட்டியின் தடமும், பொருத்தின் மெல்லிய வரியும் அந்தத் தேய்ப்போடு போய்விடும். துருவோடு இருக்கும் துவக்கைத் துணியிற் சுற்றி, எந்த ஊரில், எந்த வளவில், யாருடைய காலத்திலிருந்து இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்துக் கொடுத்தால், நூதனசாலையின் மேசையில் அதைப் புரட்டிப் பார்ப்பவருக்கு வேலை தொடங்கும் இடம் கிடைத்துவிடும்.